1912 கார்லைல் அணி: 14 ஆட்டங்கள், ஒரே ஒரு தோல்வி. இந்தப் பருவத்தை எப்படி வாசிப்பது?

பத்துகஜம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கிரிக்கெட்டும் கால்பந்தும் ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பகுதியில், நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிப் பேச ஆசை. மூன்று மாதமாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்க ஆளில்லை, அதனால் இங்கே வந்தேன்.

பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்று ஒரு சிறிய ஊர். அங்கே பழைய ராணுவ முகாம் ஒன்றில் 1879-ல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளியின் கால்பந்து அணிதான் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களை எல்லாம் திணறடித்தது. பயிற்சியாளர் 'பாப்' வார்னர். 1912-ல் அணித்தலைவர் ஜிம் தோர்ப். அந்த ஜூலையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வாங்கித் திரும்பியிருந்தார்.

அந்தப் பருவத்தில் 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். மொத்தம் 504 புள்ளிகள். ஆல்பிரைட் 50-7, லெபனான் வேலி 45-0, டிக்கின்சன் 34-0, வில்லனோவா 65-0 என்று தொடங்கினார்கள். வாஷிங்டன் அண்டு ஜெஃபர்சன் கல்லூரியோடு 0-0. அதன் பிறகு சிரக்கியூஸ் 33-0, பிட்ஸ்பர்க் 45-8. நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியை அவர்கள் மைதானத்திலேயே 27-6 என்று வென்றார்கள். அந்த ராணுவ அணியில் ஆடியவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசன்ஹோவர்!

பூர்வகுடி இளைஞர்கள், தங்கள் முன்னோர்களைச் சுட்ட ராணுவத்தைப் பந்தால் பழி தீர்த்தார்கள். எனக்கு இந்தப் பருவம் முழுவதும் அந்த ஒரே நாளுக்காக நடந்தது போலத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

வைகைக்கரை எழுதியது:

நல்ல இழை. ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று, இது கல்லூரி அணி என்றே சொல்ல முடியுமா? நீங்களே தொழிற்பள்ளி என்கிறீர்கள். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் தச்சு வேலை, தையல், பண்ணை வேலை. பட்டம் தரும் இடமே இல்லை. ஆனால் ஆடியவர்கள் சின்னப் பையன்களும் இல்லை. தோர்ப் 1887-ல் பிறந்தவர், 1912-ல் அவருக்கு 25 வயது. எதிரே ஆடியது டிக்கின்சன் மாதிரி சிறிய கல்லூரி. 34-0 என்பதை அந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு, இந்த ஆட்டத்தின் விதியே எனக்குச் சரியாகத் தெரியாது. 504 புள்ளி என்பது பெரிதா சிறிதா?

---

பந்துபிடி எழுதியது:

விதியை நான் சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியர், ஓய்வு பெற்றுவிட்டேன். சுருக்கமாக இதுதான்: பந்து கையில் இருக்கும் அணிக்குக் குறிப்பிட்ட முயற்சிகள் தருவார்கள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி புதுக் கணக்கு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன். கபடியில் பாடிப் போகிறவனை ஏழு பேர் மறிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பாடிப் போகிறவனுக்கு வழி விலக்கிக் கொடுக்க அவன் பக்கமும் பத்துப் பேர் இருப்பார்கள்.

1912 ஏன் முக்கியம் என்றால், அந்த வருடம்தான் விதிகள் ஏறக்குறைய இன்றைய வடிவத்துக்கு வந்தன. அதுவரை 10 கஜத்துக்கு மூன்று முயற்சி, அந்த வருடம் நான்கானது. டச்டவுனுக்கு 5 புள்ளி இருந்தது 6 ஆனது. மைதானம் 100 கஜமாகக் குறைந்தது, இரண்டு முனையிலும் 10 கஜம் தனிப்பகுதி வந்தது. முன்னோக்கிப் பந்தை எறிவதற்கு இருந்த 20 கஜ வரம்பும் போயிற்று.

இதற்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கிறது. ஆரம்பத்தில் இந்த ஆட்டம் வெறும் மோதல். கைகோத்துக்கொண்டு ஆப்பு மாதிரி கூட்டமாக இடித்துத் தள்ளுவார்கள். 1905 பருவத்தில் மட்டும் பதினெட்டுப் பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்கு வெளியிட்டன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். 1906-ல் முன்னோக்கிய எறிதலை அனுமதித்தார்கள். 1910-ல் பந்து வைத்திருப்பவனைத் தள்ளி இழுத்து உதவுவதைத் தடை செய்தார்கள்.

இதனால் யாருக்கு லாபம்? கனமான உடம்பை நம்பிய அணிகளுக்கு இல்லை. எடை குறைந்த, வேகமான, புத்தியோடு ஆடுகிற அணிகளுக்கு. கார்லைல் அப்படிப்பட்ட அணி. ஆட்கள் குறைவு, எடையும் குறைவு. 1907-லேயே முன்னோக்கிய எறிதலை ஒரு ஆயுதமாகவே வைத்துக்கொண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று வென்றவர்கள் அவர்கள். மற்ற அணிகள் அதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆகவே, வைகைக்கரை, 504 என்பது பெரிய எண்தான். சிறிய கல்லூரிகளைக் கழித்துவிட்டு சிரக்கியூஸ், பிட்ஸ்பர்க், ஜார்ஜ்டவுன், ராணுவம், பிரௌன் இந்த ஐந்தை மட்டும் கூட்டினாலே 171 வருகிறது.

---

நூலகத்துமூலை எழுதியது:

பத்துகஜம், உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் பழி தீர்த்த கதை எனக்குச் சங்கடமாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

வெஸ்ட் பாயிண்ட் ஆட்டத்தில் கார்லைல் எடுத்த 27 புள்ளிகள் எப்படி வந்தன என்று பாருங்கள். நான்கு டச்டவுன். அவற்றில் மூன்று, பந்தோடு ஓடும் ஹாஃப்பேக் அலெக்ஸ் அர்காசா போட்டவை. ஒன்று, வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஜோ பெர்கி. நாலாறு இருபத்து நான்கு, மீதி மூன்றும் டச்டவுனுக்குப் பின் உதைத்த கூடுதல் புள்ளிகள். உங்கள் முதல் பதிவில் ஆட்டத்தை அழைத்த கஸ் வெல்ச் இல்லை, அர்காசா இல்லை, பெர்கி இல்லை. எதிரணியில் ஆடிய ஐசன்ஹோவர் பெயர் இருக்கிறது.

உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இந்தக் கதை எங்கே சொல்லப்பட்டாலும் இப்படித்தான் இருக்கிறது. தோர்ப் அன்று பிரமாதமாக ஆடினார், அதில் மறுப்பே இல்லை. அவருடைய நீண்ட ஓட்டம் ஒன்று டச்டவுன் ஆகியும் விதிமீறல் காரணமாகச் செல்லாமல் போனது. ஆனால் அவரை மறிக்க ராணுவ அணி ஒரு பக்கம் குவிந்தபோது மறுபக்கம் அர்காசாவுக்கு வழி திறந்தது. அன்று வார்னர் பயன்படுத்திய அமைப்பு அதற்காகவே யோசித்தது. இரண்டு ஹாஃப்பேக்குகளையும் வரிசையின் இரு ஓரங்களுக்கு வெளியே சிறகு மாதிரி நிறுத்துவது, 'டபுள் விங்' என்பார்கள். எந்தப் பக்கம் ஓட்டம், எறிதலா உதையா என்று எதிரணிக்குக் கடைசி நொடி வரை தெரியாது. அந்தக் குழப்பத்தை மைதானத்தில் நடத்திக் காட்டியவர் கார்ட்டர்பேக் கஸ் வெல்ச். ஒவ்வொரு முயற்சிக்கும் என்ன ஆட்டம் என்று அழைத்தது அவர்தான். அந்தக் காலத்தில் பயிற்சியாளர் வெளியிலிருந்து சொல்லிக் கொடுக்க முடியாது.

இன்னொன்று. ஆட்டத்துக்கு முன் வார்னர், "உங்கள் தாத்தாக்களோடு சண்டை போட்டது இவர்களுடைய தாத்தாக்கள்தான்" என்று உசுப்பிவிட்டதாகக் கதை உண்டு. 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லக்கோட்டா பூர்வகுடிகளைக் கொன்ற படுகொலைக்கு அப்போது 22 வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அது உண்மை. அந்த வலி அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் பாருங்கள், தோர்ப் சாக் அண்டு ஃபாக்ஸ் இனம். வெல்ச்சும் ஜோ கையானும் ஓஜிப்வே. ஃபுல்பேக் பவல் செரோகி. பீட் கலாக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர். வேறு வேறு மொழி, வேறு வேறு வரலாறு. எல்லாரையும் 'செவ்விந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே பழி, ஒரே கோபம் என்று சொல்வது அந்தப் பள்ளி செய்ததையே நாமும் செய்வதுதான்.

---

பத்துகஜம் எழுதியது:

சுருக்கென்று தைத்தது, ஆனால் நியாயம். அர்காசா பெயரை நானும் எங்கோ படித்திருக்கிறேன், கடந்து போய்விட்டேன். ஐசன்ஹோவர் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன்: தோர்ப்பைத் தடுக்கப் போய்த்தான் அவருக்குக் கால் போயிற்று என்கிறார்களே, அது சரியா?

---

நூலகத்துமூலை எழுதியது:

அதற்கடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியோடு ஆடும்போதுதான் முழங்கால் போனது. அதற்குப் பிறகு குதிரைப் பயிற்சியில் இன்னும் மோசமானது. அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. கார்லைல் ஆட்டத்திலிருந்து வெளியே போனவர் ராணுவ அணித்தலைவர் லேலண்ட் டெவோர். ஆள் மலை மாதிரி இருப்பார். எதிரே நின்ற கையான் அவரைவிட எடையில் மிகவும் குறைவு, ஆனால் மறுபடி மறுபடி அவரைச் சமாளித்தார். பொறுக்க முடியாமல் டெவோர் கையான் மீது பாய, நடுவர் வெளியேற்றினார்.

ஐசன்ஹோவர் 1961-ல் ஒரு பேச்சில் தோர்ப்பைப் பெரிதாகப் புகழ்ந்தார். வாழ்நாளில் பயிற்சியே செய்ததில்லை, ஆனாலும் நான் பார்த்த யாரையும்விட எதையும் நன்றாகச் செய்வார் என்ற பொருளில். பாராட்டுதான். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். வெள்ளைக்கார வீரன் ஜெயித்தால் உழைப்பு, கட்டுப்பாடு, மூளை. பூர்வகுடி ஜெயித்தால் பிறவியிலேயே வந்தது. டபுள் விங் மாதிரி ஒரு அமைப்பைப் பயிற்சி இல்லாமல் யாரும் ஆட முடியாது.

---

டொராண்டோவாசி எழுதியது:

நான் இருக்கும் ஊர் பெயர் வரும் என்று காத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை!

அக்டோபர் 26 சனிக்கிழமை வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுனை 34-20 என்று வென்றார்கள். அங்கிருந்து ரயில் ஏறி, திங்கட்கிழமை 28 அன்று கனடாவில் டொராண்டோ அணியோடு ஆடி 49-7. அப்புறம் சனிக்கிழமை லீஹை பல்கலைக்கழகத்தோடு 34-14. அதற்கடுத்த சனிக்கிழமைதான் வெஸ்ட் பாயிண்ட். எட்டு நாளில் மூன்று ஆட்டம், இரண்டு நாடு. இன்றைக்கு அணிகள் விமானத்தில் போய் ஒரு வாரம் ஓய்வெடுத்து ஆடுகின்றன. அந்தப் பையன்கள் ரயில் பெட்டியில் உட்கார்ந்தே தூங்கியிருப்பார்கள்.

பெரிய ஆட்டம் எல்லாம் வெளியூரில்தான். கார்லைலில் ஆடினால் நுழைவுச்சீட்டுப் பணம் தேறாது. பெரிய மைதானம், பெரிய கூட்டம், வசூலில் பங்கு. அதற்காகத்தான் ஊர் ஊராகப் போனார்கள்.

---

அல்லிக்குளம் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வசூல் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் பள்ளி ஆசிரியை. அந்தக் கண்ணோட்டத்தில்தான் எனக்கு இது வலிக்கிறது.

இந்தப் பள்ளியை உருவாக்கிய பிராட், 1892-ல் ஒரு கூட்டத்தில் தன் கொள்கையைச் சொன்னார்: அவனுக்குள் இருக்கும் இந்தியனை, அதாவது பூர்வகுடியை, கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று. பிள்ளைகளை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து கொண்டுவருவார்கள். வந்ததும் முடியை வெட்டுவார்கள். பெயரை மாற்றுவார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. வந்த அன்று ஒரு புகைப்படம், சில மாதம் கழித்துக் கோட்டு போட்டு ஒரு புகைப்படம், இரண்டையும் பக்கத்தில் வைத்து விளம்பரம். விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பாமல் வெள்ளையர் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்கு அனுப்பும் ஏற்பாடு. அந்த வளாகத்தின் கல்லறையில் 180-க்கும் மேற்பட்ட குழந்தைகளும் இளைஞர்களும் புதைக்கப்பட்டார்கள். காசநோய் உள்ளிட்ட நோய்கள். 2017-லிருந்துதான் அந்த எச்சங்களைத் தோண்டி எடுத்து, அவரவர் மக்களிடம் ஒப்படைத்து வருகிறார்கள்.

ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை தன் மொழியில் ஒரு வார்த்தை பேச அஞ்சும் நிலையை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. 504 புள்ளி என்று நாம் கொண்டாடும்போது அந்தப் புள்ளிகள் யாருக்குப் பெருமை சேர்த்தன? பள்ளிக்கு. "பாருங்கள், எங்கள் முறை வெற்றி பெறுகிறது" என்று காட்ட ஓர் அணி.

---

வைகைக்கரை எழுதியது:

இதைப் படித்த பிறகு என் வயதுக் கணக்கு அற்பமாகத் தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், டீச்சர்: அப்படியானால் அந்த வீரர்களே பள்ளியின் விளம்பரப் பொம்மைகள்தானா? அவர்களுக்குச் சொந்தமாக எதுவும் இல்லையா?

---

அல்லிக்குளம் எழுதியது:

இல்லை சார், அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்கு வெல்ச்சே சாட்சி.

1914-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று கார்லைல் பள்ளியை விசாரித்தது. அது தானாக வரவில்லை. மாணவர்கள் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். அதில் முன்னின்றவர் அதே கஸ் வெல்ச், அந்த 1912 அணியின் கார்ட்டர்பேக். பள்ளி நிர்வாகம், அடிதடி, சாப்பாடு எல்லாம் விசாரணையில் வந்தது. கால்பந்தில் வந்த பணம் எப்படிச் செலவானது, வார்னர் வீரர்களை எப்படி நடத்தினார் என்பதும் வந்தது. முடிவில் பள்ளித் தலைவர் மோசஸ் ஃபிரைட்மன் பதவி இழந்தார். வார்னர் அந்தப் பருவம் முடிந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1918-ல் பள்ளியே மூடப்பட்டது.

மைதானத்தில் பதினொரு பேரை நடத்தத் தெரிந்தவர், வெளியேயும் மாணவர்களைத் திரட்டினார். பள்ளி அவரை ஒரு விதமாக வடிவமைக்கப் பார்த்தது. அவர் பள்ளியையே கேள்வி கேட்டார்.

---

பந்துபிடி எழுதியது:

அல்லிக்குளம் அம்மா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

இழை திசை மாறாமல் ஆட்டப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். ராணுவத்தை வென்ற அடுத்த வாரம், நவம்பர் 16, பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். பருவத்தின் ஒரே தோல்வி. முந்தைய வருடமும் இதே கதை. 1911 நவம்பர் 11 அன்று ஹார்வர்டை அவர்கள் மைதானத்திலேயே 18-15 என்று வென்றார்கள். தோர்ப் காலில் கட்டோடு ஆடி நான்கு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) உதைத்த ஆட்டம். அடுத்த வாரமே சிரக்கியூஸிடம் 12-11 என்று ஒரு புள்ளியில் தோல்வி. அந்த வருடத்துக்கும் அது ஒன்றே தோல்வி.

பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தற்செயல் இல்லை. பெரிய ஆட்டத்துக்கு உடம்பும் மனசும் மொத்தமாகச் செலவாகிவிடும். மாற்று ஆட்கள் நிறைய இருந்தால் தாங்கலாம். கார்லைலில் அதே பதினொரு பேர்தான் தாக்குதலுக்கும் தடுப்புக்கும். அதனால் பத்துகஜம் சொன்ன "அந்த ஒரே நாளுக்காக" என்பதைவிட, அந்த நாளுக்குப் பின் ஏழாம் நாள் என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு இந்தப் பருவத்தின் உயிர். தோற்றார்கள். அப்புறம் ஸ்பிரிங்ஃபீல்டை 30-24 என்று தட்டுத்தடுமாறி வென்றார்கள். நவம்பர் 28, நன்றி செலுத்தும் நாளன்று பிராவிடன்ஸில் பிரௌன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று முடித்தார்கள். தோர்ப் கார்லைலுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. வெஸ்ட் பாயிண்டைவிட இந்த 32-0 எனக்குப் பெரிது. களைத்துப்போன அணி, தோற்ற அணி, பத்து வாரத்தில் பதினான்காவது ஆட்டம், எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டு என்றதும் எனக்கு ஒரு சொந்தப் பாசம். கூடைப்பந்து பிறந்த அதே ஒய்.எம்.சி.ஏ. கல்லூரிதான் அது. அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். நான் படித்ததும் அங்கேதான்.

---

டொராண்டோவாசி எழுதியது:

நந்தனம் வரை வந்துவிட்டதே, அருமை சார்.

தோர்ப்பின் பதக்கம் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். 1913 ஜனவரியில், அவர் 1909, 1910-ல் வட கரோலினாவில் சிறு கூலிக்குப் பேஸ்பால் ஆடியது பத்திரிகையில் வந்தது. அமெச்சூர் (காசு வாங்காமல் ஆடுபவர்) இல்லை என்று சொல்லி இரண்டு தங்கத்தையும் பறித்தார்கள். ஒலிம்பிக் விதிப்படி ஆட்சேபம் 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டும், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கோடையில் பேஸ்பால் ஆடிக் காசு வாங்கிய கல்லூரி மாணவர்கள் அப்போது ஏராளம், பெரும்பாலும் பொய்ப் பெயரில் ஆடுவார்கள். இவர் தன் பெயரிலேயே ஆடினார். 1953-ல் அவர் இறந்தார். 1982-ல்தான் ஒலிம்பிக் கமிட்டி பதக்கங்களைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது, அதுவும் இணை வெற்றியாளர் என்றுதான். ஒரே வெற்றியாளர் என்று அறிவித்தது 2022-ல். நூற்றுப் பத்து வருடம்.

---

வைகைக்கரை எழுதியது:

மற்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? வெல்ச், கையான்?

---

நூலகத்துமூலை எழுதியது:

வெல்ச் டிக்கின்சனில் சட்டம் படித்தார். பிறகு வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரியில் 1919-லிருந்து நான்கு பருவம் பயிற்சியாளர். கையான் ஜார்ஜியா டெக் போய் 1917-ல் தேசிய சாம்பியன் அணியில் ஆடினார். அதன் பிறகு தோர்ப், கலாக் இருவரோடும் கேண்டன் புல்டாக்ஸில் தொழில்முறை ஆட்டம். தோர்ப், கையான் இருவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். 1920-ல் இன்றைய என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் தோர்ப்தான்.

---

பத்துகஜம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று மாதம் தனியாகப் படித்ததில் கிடைக்காதது இங்கே இரண்டு நாளில் கிடைத்தது. 2024 டிசம்பரில் அந்தப் பள்ளி வளாகத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள் என்ற செய்தியை நான் அப்போது படித்தும் கடந்து போயிருந்தேன். அல்லிக்குளம் டீச்சர் எழுதிய பிறகுதான் அது இந்த அணியோடு சேர்ந்த செய்தி என்று உறைத்தது.

முதல் பதிவைத் திருத்தப் போகிறேன். பழி தீர்த்தது பற்றிய பத்தியை எடுத்துவிடுவேன். வெஸ்ட் பாயிண்ட் ஆட்டத்துக்கு நேரே இனி இப்படி இருக்கும்: டச்டவுன், அர்காசா 3, பெர்கி 1. ஆட்டத்தை அழைத்தவர், கஸ் வெல்ச்.